ஆட்டு இதயத்தைப் பாடம் செய்து அறுப்பது: பிராக்டிகல் வகுப்புக்கு ஒரு செய்முறை

ஆட்டு இதயத்தை அறுக்கும் வகுப்பு நன்றாக அமைவதும் சொதப்புவதும் பெரும்பாலும் கத்தியை எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே முடிவாகிவிடுகிறது. கறிக்கடையில் இதயத்தை எப்படி வெட்டிக் கொடுத்தார்கள், உறைந்த ரத்தத்தை எவ்வளவு கழுவினோம், திசுவைக் கெடாமல் இறுக்கிவைக்கும் ஃபார்மலின் உள்ளறை வரை போய்ச் சேர்ந்ததா என்ற மூன்றும் சரியாக இருந்தால், முதல்முறை கத்தி பிடிக்கும் மாணவர்கூட நான்கு வால்வுகளையும் சேதமில்லாமல் பார்த்துவிடலாம். மூன்றில் ஒன்று தப்பினாலும் எவ்வளவு கைத்திறன் இருந்தும் பயனில்லை. அதனால் இங்கே அறுப்பதற்கு முந்தைய வேலைக்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறோம்.

ஏன் ஆட்டு இதயம்? விலங்கியல் வகுப்புகளில் தவளை, கரப்பான், சுறா என்று அறுத்துவந்ததை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் கூறிவிட்டது. இறைச்சிக்காக வெட்டப்பட்ட ஆட்டின் உறுப்பு அப்படியல்ல. வகுப்புக்கென்று ஓர் உயிரும் போவதில்லை. ஆட்டு இதயத்துக்கும் மனித இதயத்தைப் போலவே நான்கு அறைகள், நான்கு வால்வுகள். பாடப்புத்தகப் படத்தில் உள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். இருந்தாலும் கல்லூரி முதல்வரின் அல்லது தலைமை ஆசிரியரின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இறைச்சியைத் தொட விரும்பாத மாணவர் எந்த வகுப்பிலும் இருப்பார். அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். மாதிரியை வைத்துப் படம் வரையட்டும். அதற்காக மதிப்பெண் குறைப்பது நியாயமல்ல.

கடையில் கேட்க வேண்டியது

கறிக்கடைக்காரர் வழக்கமாக இதயத்தைப் பிளந்து, ரத்தத்தைப் பிதுக்கி, மேலே இருக்கும் குழாய்களை அடியோடு நறுக்கிவிட்டுத்தான் தருவார். சமையலுக்கு அது சரி. நமக்கு வேண்டியவை அந்தக் குழாய்கள்தான். அதனால் முந்தின நாளே போய்ச் சொல்லிவையுங்கள்: மூச்சுக்குழாய், நுரையீரல், இதயம் மூன்றும் சேர்ந்தபடி, கீறல் படாமல் வேண்டும். நுரையீரலோடு வாங்கினால் பெருந்தமனி, நுரையீரல் தமனி, நுரையீரல் சிரைகள் எல்லாம் போதிய நீளத்தில் கிடைக்கும். ஈரலைப் பிரிக்கும்போது கீழ்ப்பெருஞ்சிரையை இதயத்தை ஒட்டி வெட்டிவிடாமல் இரண்டு விரல் அகலமாவது விடச் சொல்லுங்கள்.

ஓர் இதயம் பொதுவாக 100 முதல் 150 கிராம் இருக்கும். நான்கு மாணவருக்கு ஒன்று என்பது நல்ல கணக்கு. ஆறு பேரானால் இரண்டு பேர் எட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடுவார்கள். ஆசிரியருக்கென்று கூடுதலாக ஒன்று வாங்குங்கள்; அதை வேறு விதமாக அறுக்கப்போகிறோம்.

காலையில் வெட்டியதை அன்றே வாங்கி அன்றே ஃபார்மலினில் போட வேண்டும். ஃப்ரீசரில் வைத்ததை வாங்காதீர்கள். பனிப்படிகங்கள் தசையணுக்களைக் கிழித்துவிடுவதால், பாடம் செய்த பிறகும் தசை கொழகொழவென்றே இருக்கும். நுரையீரலில் நீர் நிறைந்த வெள்ளைக் கட்டி தென்பட்டால் அது நாடாப்புழுவின் நீர்க்கட்டியாக இருக்கலாம். அதைக் குத்தாமல் அந்தக் குலையையே ஒதுக்கிவிடுங்கள். முக்கியமாக, அதைத் தெருநாய்க்குப் போடக் கூடாது. புழுவின் சுற்று நாய் வழியாகத்தான் தொடர்கிறது.

கழுவுதல்

நுரையீரலைப் பிரிக்கும்போது பெருந்தமனியில் 4 முதல் 5 செ.மீ., மற்றக் குழாய்களில் 2 முதல் 3 செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு போட்டுக் கரைத்த நீரில் கழுவுவது நல்லது. வெறுந்தண்ணீரில் நெடுநேரம் கிடந்தால் திசு நீரை இழுத்து உப்பிவிடும்.

மேற்பெருஞ்சிரை வழியாக உப்புநீரை விட்டு, வலப்பக்கத்தை மெதுவாகப் பிசையுங்கள். கறுத்த ரத்தக்கட்டிகள் நுரையீரல் தமனி வழியாக வெளியே வரும். இடப்பக்கத்துக்கு நுரையீரல் சிரை வழியாக விட்டால் பெருந்தமனி வழியாக வரும். வெளிவரும் நீர் தெளியும்வரை நிறுத்தாதீர்கள். இந்தக் கால் மணி நேர வேலையைச் சுருக்கினால் பின்னால் மாற்று வழி இல்லை. ஃபார்மலினில் ரத்தக்கட்டி ரப்பர் மாதிரி இறுகி, வால்வுகளைப் பிடித்திருக்கும் நாண்களைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் மாணவர் கட்டியைப் பிடித்து இழுப்பார். நாணும் சேர்ந்து அறுந்து வரும்.

வால்வு வேலை செய்வதைக் காட்ட நினைத்தால் காட்ட வேண்டிய நேரம் இதுதான். பெருந்தமனியை நிமிர்த்திப் பிடித்து அதில் தண்ணீர் ஊற்றுங்கள். அரைச்சந்திர வால்வின் மூன்று மடல்களும் உப்பி நடுவில் ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொள்ளும், தண்ணீர் மேலேயே நிற்கும். பாடம் செய்த இதயத்தில் மடல்கள் விறைத்துப்போவதால் இது சரியாக நடக்காது. மாணவர்கள் அப்போது இல்லையென்றால் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு வகுப்பில் காட்டலாம்.

ஃபார்மலின்

கடையில் கிடைக்கும் ஃபார்மலினில் 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் கிடைப்பதைத்தான் 10 சதவீத ஃபார்மலின் என்கிறோம். உண்மையில் அதில் ஃபார்மால்டிஹைடு 4 சதவீதத்துக்குள்தான். பாட்டிலில் 40 என்று பார்த்துவிட்டு நான்கில் ஒரு பங்காகக் கலக்கும் தவறு அடிக்கடி நடக்கிறது. அப்படிக் கலந்தால் மேல்தோல் சட்டென்று இறுகி மொறமொறப்பாகும், அறையிலும் நிற்க முடியாது.

அளவு: இதயத்தின் எடையைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவம். 150 கிராம் இதயங்கள் மூன்றுக்கு 4.5 லிட்டர் வேண்டும், அதாவது 450 மி.லி. ஃபார்மலின், 4,050 மி.லி. தண்ணீர். லிட்டருக்கு 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் 6.5 கிராம் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டும் கரைத்துவிடுங்கள். இவை இல்லாவிட்டால் ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகி, மிச்சமிருக்கும் ரத்தத்தோடு சேர்ந்து பழுப்பும் கறுப்புமாகப் படியும். பாட்டிலின் அடியில் வெள்ளையாக மண்டி தங்கியிருந்தால் ஃபார்மால்டிஹைடு திரண்டுவிட்டது, வீரியம் குறைந்துவிட்டது என்று பொருள். வேறு பாட்டில் எடுங்கள்.

அறைகளுக்குள் ஃபார்மலின் போக வேண்டும். கரைசலில் நனைத்த பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கி, குழாய்கள் வழியாக நான்கு அறைகளிலும் தளர்வாக அடையுங்கள். இதில் இரண்டு நன்மை. திரவம் உள்ளிருந்தும் ஊறும். அறைகள் சப்பிப்போகாமல் விரிந்த நிலையிலேயே இறுகும். எத்தனை உருண்டை வைத்தீர்கள் என்று எழுதிவையுங்கள், பிறகு எண்ணி எடுக்க வேண்டும். கெட்டியாகத் திணித்தால் வலப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மூவிதழ் வால்வு கிழியும்.

பெருந்தமனியில் நூல் கட்டி, வாளிக்குக் குறுக்கே வைத்த குச்சியில் தொங்கவிடுங்கள். அடியில் கிடந்தால் தொட்ட பக்கம் தட்டையாகிவிடும், அங்கே ஃபார்மலினும் ஏறாது. மிதந்தால் மேலே ஒரு பருத்தித் துணியை நனைத்துப் போர்த்துங்கள். வாளிக்கு இறுக்கமான மூடி வேண்டும்.

எத்தனை நாள்? ஃபார்மலின் முதல் மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இறங்குகிறது. ஆனால் அதே வேகத்தில் தொடர்வதில்லை. ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு ஆகும். 4 மி.மீ.-க்கு 16 மணி நேரம் என்றால் இடது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) தடித்த சுவருக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே பஞ்சு வைத்திருந்தால் இரு பக்கமும் ஊறுவதால் ஐந்து நாள் போதும். ஏழு நாள் விட்டால் சந்தேகமே இல்லை. இரண்டாம் நாள் திரவம் சிவந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இந்த வேலை முழுக்க ஆசிரியரும் லேப் உதவியாளரும் செய்ய வேண்டியது. மாணவரிடம் கொடுக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முழுக்கை கோட் மூன்றும் கட்டாயம். புகைப்போக்கிப் பெட்டி இருந்தால் அதற்குள்ளும், இல்லாவிட்டால் திறந்த வராந்தாவிலும் கலக்குங்கள். சிந்தினால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைக்கிற வழக்கம் பல லேப்களில் உண்டு. ஃபார்மலினோடு அது சேரவே கூடாது. சூடேறி நச்சு வாயு கிளம்பும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அப்படியே. பழந்துணியால் ஒற்றியெடுத்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வகுப்புக்கு முந்தின நாள்

இதயத்தை எடுத்து, பஞ்சு உருண்டைகளை எண்ணி வெளியே எடுத்துவிட்டு, ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். பிறகு இரவு முழுக்க வாளித் தண்ணீரில், மூன்று முறையாவது மாற்றி. மேலே மட்டும் கழுவி உள்ளறைகளைக் கழுவாமல் விட்டால், மாணவர் இதயத்தைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோகும் நொடியில் கண் எரியும். உடனே பயன்படுத்தாவிட்டால் 70 சதவீத ஆல்கஹாலில் வையுங்கள். வெறுந்தண்ணீரில் சில நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

வகுப்பன்று சன்னல்களை எதிரெதிராகத் திறந்துவிடுங்கள். சீலிங் ஃபேன் நெடியைக் கலக்கிவிடுமே தவிர வெளியேற்றாது, எக்ஸாஸ்ட் ஃபேன்தான் வேலைக்கு ஆகும். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர் அன்று மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்ளட்டும்.

ஒரு குழுவுக்கு: டிரே, முனை மழுங்கிய கத்தரி, பிளேடு மாட்டிய ஸ்கால்பெல், மழுங்கிய போர்செப்ஸ், மழுமுனைக் குச்சி, மி.மீ. அளவுள்ள ஸ்டீல் ஸ்கேல், நிறத்தலை குண்டூசிகள், சின்ன டார்ச். கத்தரிதான் முக்கியக் கருவி. ஸ்கால்பெல் இரண்டு மூன்று இடத்தில் மட்டும். பிளேடைக் கையால் மாட்டவோ கழற்றவோ விடாதீர்கள், போர்செப்ஸால் பிடித்துத்தான். விரல் வெட்டு அறுக்கும்போது மட்டுமல்ல, பிளேடு மாற்றும்போதும் வரும்.

இடம் வலம் பிடித்தல்

கத்தியைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் இதற்குக் கொடுங்கள். இரண்டு ஆரிக்கிள்களின் (மேலறைகளின்) காது போன்ற மடல் நுனிகளும் உங்களைப் பார்த்தபடி, நடுவில் நுரையீரல் தமனி எழும்பியபடி இருக்கும் முகம்தான் முன்முகம். இப்படி வைத்தால் இதயத்தின் இடப்பக்கம் உங்கள் வலக்கைப் பக்கம் வரும். சந்தேகம் இருந்தால் இரு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக எதிர்ப்பது இடது வெண்ட்ரிக்கிள், அமுங்கிக் கொடுப்பது வலது. கூர்முனை முழுக்க இடது வெண்ட்ரிக்கிளுக்கே சொந்தம்.

முன்முகத்தில் கொழுப்பு நிறைந்த பள்ளம் ஒன்று சாய்வாக இறங்கும். இரண்டு வெண்ட்ரிக்கிள்களுக்கும் நடுவிலுள்ள சுவர் அதன் நேர் உள்ளேதான் இருக்கிறது. ஆட்டின் கொழுப்பு வெள்ளையாக, மெழுகுபோலக் கெட்டியாக இருக்கும். அதைக் கத்தியால் சீவினால் அடியில் ஓடும், இதயத்தசைக்கே ரத்தம் தரும் கரோனரி தமனியும் போய்விடும். போர்செப்ஸின் மழுங்கிய நுனியால் சுரண்டி எடுங்கள்.

மேலே உள்ள குழாய்களில் திறந்தபடி நிமிர்ந்து நிற்பவை தமனிகள், சப்பிக் கிடப்பவை சிரைகள். பெருந்தமனி வளைவில் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். மனிதரில் அங்கிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன. ஆட்டில் ஒரே தடித்த அடிக்கிளைதான், தலைக்கும் முன்னங்கால்களுக்கும் போவதெல்லாம் அதிலிருந்து பிரியும். புத்தகப் படத்தில் மூன்று இருக்கிறதே என்று மாணவர் குழம்புவது இங்கேதான். நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவில் கொழுப்பை ஒதுக்கினால் குட்டையான கெட்டி நார் ஒன்று இரண்டையும் இணைப்பது தெரியும். தாய் வயிற்றில் இருந்தபோது ரத்தம் நுரையீரலைத் தவிர்த்துப் போன குழாயின் மிச்சம் அது. கொழுப்போடு சேர்த்துப் பிய்த்துவிடாமல் தேடுங்கள்.

வலப்பக்கம்

ரத்தம் போகும் வழியிலேயே கத்தரியும் போக வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மழுமுனைக் குச்சியை மேற்பெருஞ்சிரையில் விட்டுக் கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வெளியே எடுங்கள்; நடுவில் இருப்பது வலது ஆரிக்கிள். கத்தரியின் மழுங்கிய அலகை மேற்பெருஞ்சிரைக்குள் விட்டு, ஆரிக்கிளின் வெளிச்சுவரை வெட்டிக்கொண்டே வாருங்கள். மூவிதழ் வால்வின் விளிம்பு வந்ததும் நிறுத்தி, மடல்கள் எங்கே சேர்கின்றன என்று பார்த்து, அந்த இடைவெளி வழியாக வலது ஓர விளிம்பை ஒட்டி வெண்ட்ரிக்கிளின் அடிவரை போங்கள்.

இப்போது இரண்டு கைகளாலும் சட்டென்று விரிக்காதீர்கள். மெல்லத் திறந்து உள்ளே பாருங்கள். நடுச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு ஒரு தசைப்பட்டை அறையின் குறுக்கே நீண்டிருக்கும். இதயத்துடிப்பின் மின்தூண்டலை வெளிச்சுவருக்குக் கொண்டுசெல்லும் இழைகள் இதன் வழியாகப் போகின்றன. அவசரமாக விரித்தால் முதலில் அறுவது இதுதான்; அறுந்த பிறகு அது வெறும் தசைத்துணுக்காகச் சுவரில் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமலே போகும்.

மூன்று மடல்கள், அவற்றின் ஓரத்திலிருந்து இறங்கும் வெள்ளை நாண்கள், நாண்கள் வந்து சேரும் பாப்பில்லரி தசைகள். ஒரு நாணைக் குச்சியால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். மெல்லியதாக இருந்தாலும் நீளாது. வால்வை மூடுவது ரத்தத்தின் அழுத்தம். மூடிய மடல் ஆரிக்கிள் பக்கம் திரும்பிவிடாமல் பிடிப்பது மட்டும்தான் நாணின் வேலை. தசை இழுத்து வால்வைத் திறக்கிறது என்று தேர்வில் எழுதுபவர்கள் பலர். ஒரே ஒரு நாணைத் தொட்டுப் பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்.

ஆரிக்கிளுக்குத் திரும்பி, இரண்டு ஆரிக்கிள்களையும் பிரிக்கும் சுவருக்குப் பின்னால் டார்ச்சை வையுங்கள். ஓரிடம் மட்டும் ஒளி ஊடுருவும். கருவில் திறந்திருந்த துளை மூடிய தழும்பு அது. பக்கத்திலேயே, இதயத்தசையிலிருந்து திரும்பும் ரத்தம் வந்து சேரும் கரோனரி சிரைப்பை திறக்கும் வாய் இருக்கும். ஆட்டில் நெஞ்சுக்கூட்டின் இடப்பக்கச் சிரை ஒன்றும் இதற்குள் வந்து சேர்வதால் வாய் பெரிதாகவே தெரியும். கடைசியாகக் கத்தரியை வெண்ட்ரிக்கிளிலிருந்து மேல்நோக்கி நுரையீரல் தமனிக்குள் விட்டு முன்சுவரை வெட்டினால், மூன்று அரைச்சந்திர மடல்கள் கிண்ணம் கிண்ணமாகத் தெரியும்.

இடப்பக்கம்

நுரையீரல் சிரை வழியாக இடது ஆரிக்கிளுக்குள் போய், இடது ஓர விளிம்பில் நேராகக் கூர்முனை வரை. சுவர் தடிப்பானது, கத்தரி திணறினால் ஸ்கால்பெல்லால் மேலிருந்து கீழாக ஒரே அழுத்தத்தில் கீறி, பிறகு கத்தரியால் முடியுங்கள். இங்கே இரண்டு பாப்பில்லரி தசைகள் முன்னும் பின்னுமாக நிற்கின்றன. நட்டநடு ஓரத்தில் வெட்டினால் இரண்டுக்கும் இடையே போய்விடும். முன்பக்கம் ஒதுங்கி வெட்டுவதே வழக்கமான தவறு. ஒரு தசை பிளந்து, பாதி நாண்கள் தொங்கிவிடும். ஆரிக்கிள் வழியாகச் சுண்டுவிரலை உள்ளே விட்டு, தசைகள் இருக்குமிடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வெட்டுவது நல்லது.

இரண்டு வெண்ட்ரிக்கிள் சுவர்களையும் நடு உயரத்தில், பாப்பில்லரி தசையைச் சேர்க்காமல் ஸ்கேலால் அளந்து ரெக்கார்டில் எழுதச் சொல்லுங்கள். இடது, வலதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வரும். வலது பக்கம் ரத்தத்தைத் தள்ளுவது நுரையீரலுக்கு, இடது பக்கம் தள்ளுவது உடல் முழுவதுக்கும் என்ற பாடம் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

பெருந்தமனிக்குப் போகும் வழியில்தான் பலர் தடுமாறுவார்கள். இடது ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வின் முன்மடலுக்கு நேர் பின்னால் அது ஒளிந்திருக்கிறது. குச்சியை மடலுக்குப் பின்னால் விட்டு மேலே தள்ளுங்கள், பெருந்தமனியின் வாயில் நுனி எட்டிப் பார்க்கும். அந்த வழியை வெட்டித் திறக்க வேண்டுமானால் முன்மடலையே பிளக்க வேண்டும். நம் கருத்தில், அதை வெட்டாமல் விடுவதே மேல். பெருந்தமனியை மேலிருந்து வால்வுக்கு ஒரு செ.மீ. முன்புவரை மட்டும் கீறி, மடல்களுக்குப் பின்னால் கரோனரி தமனிகள் தொடங்கும் இரண்டு துளைகளைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள். அடிவளையத்தில் கத்தரி நறுக்கென்று முட்டினால் பயப்பட வேண்டாம். அசைபோடும் விலங்குகளின் இதயத்தில் அங்கே குருத்தெலும்பும் சில சமயம் எலும்பும் இருக்கும்.

ஆசிரியரிடம் உள்ள கூடுதல் இதயத்தை நடு உயரத்தில் குறுக்காக வெட்டுங்கள். இடது அறை வட்டமாகவும், வலது அறை அதைத் தழுவிய பிறை வடிவிலும் தெரியும். வெட்டிய முகத்தின் நடுவில் இளஞ்சிவப்பாக, தொட்டால் மெத்தென்று இருந்தால் ஃபார்மலின் அதுவரை போகவில்லை. மற்ற இதயங்களும் அதே வாளியில் இருந்தவைதான் என்பதால் வகுப்பைத் தொடங்குவதற்கு முன்பே இதை வெட்டிப் பார்த்து, வேண்டுமானால் இரண்டு நாள் கூட ஊறவிடுங்கள்.

நன்றாக வந்த இதயத்தில் எண் எழுதிய குண்டூசிகளைக் குத்தி ஸ்பாட்டராக, அதாவது மாணவர் பார்த்து அடையாளம் சொல்லும் மாதிரியாக, வைக்கலாம். ஊசி வால்வு மடலில் குத்தப்படக் கூடாது. பக்கத்துச் சுவரில் குத்தி, நூலால் காட்டுங்கள்.

கழிவு

திசுக்கழிவு மஞ்சள் பையில் போய், மருத்துவக் கழிவு எடுக்கும் நிறுவனத்திடம் சேர வேண்டும். 2016-ம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். பின்கட்டில் புதைத்தால் நாய் தோண்டும். ஃபார்மலின் ஊறிய திசு எளிதில் மக்கவும் மக்காது. பழைய ஃபார்மலினைத் தொட்டியில் ஊற்றாமல், பெயரும் தேதியும் எழுதிய கேனில் சேர்த்து அதே நிறுவனத்திடம் கொடுங்கள். பிளேடுகள் துளைபடாத டப்பாவில். டிரேக்களைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காயவைக்கலாம். கத்தரிகளை ஈரத்தோடு பெட்டியில் போட்டால் மறுவாரம் அவை திறக்காது. துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.